உணவுக்குழாய்ப் புற்று: செல் வகை தெரிந்தால் ஆயுள் தெரிந்துவிடுமா?

சாப்பாடு நெஞ்சிலேயே நிற்கிறது என்று டாக்டரிடம் போகிறோம். எண்டோஸ்கோபியில் உணவுக்குழாயில் கட்டி தெரிகிறது. ஒரு துணுக்கைக் கிள்ளி எடுத்து அனுப்புகிறார்கள். சில நாளில் பயாப்சி ரிப்போர்ட் கைக்கு வருகிறது. அதில் பெரும்பாலும் இரண்டு பெயர்களில் ஒன்று இருக்கும்: ஸ்குவாமஸ் செல் கார்சினோமா அல்லது அடினோகார்சினோமா. வீட்டில் யாராவது உடனே அந்தப் பெயரைக் கைபேசியில் தேடிப் பார்ப்பார்கள். ஐந்தாண்டு உயிர் வாழ்பவர்கள் இத்தனை சதவீதம் என்று ஓர் எண் கிடைக்கும். வீடே இடிந்துபோய் உட்கார்ந்துவிடும்.

அந்த எண் பெரும்பாலும் வேறு நாட்டுக்காரர்களிடம் எடுத்தது. அது மற்ற வகைப் புற்றின் எண்ணாகக்கூட இருக்கலாம். இன்றைய சிகிச்சைகள் வருவதற்கு முன்பு எடுத்ததாகவும் இருக்கலாம்.

செல் வகைக்கும் ஆயுளுக்கும் தொடர்பு உண்டு. ஆனால், ஒன்று நல்ல வகை, மற்றது கெட்ட வகை என்று பிரித்துவிட முடியாது. புற்று எந்த இடத்தில் வரும், எவ்வளவு சீக்கிரம் பரவும், எந்தச் சிகிச்சைக்கு மசியும் என்பதையெல்லாம் செல் வகை சொல்கிறது. அதற்கேற்ற சிகிச்சை கிடைத்ததா என்பதைப் பொறுத்தே ஆயுள் கூடுவதும் குறைவதும். அது எப்படி என்று பார்ப்போம்.

ஒரே குழாயில் இரண்டு நோய்கள்

உணவுக்குழாய் ஏறத்தாழ 25 சென்டிமீட்டர் நீளம். தொண்டையில் தொடங்கி, மூச்சுக்குழலுக்கும் இதயத்துக்கும் பின்னால் இறங்கி, வயிற்றில் முடிகிறது. அதன் உட்பூச்சு, வாயின் உட்புறத்தில் இருப்பது போலவே தட்டையான செல்கள் பல அடுக்காகப் படிந்த தோல். இந்தச் செல்களில் தொடங்குவது ஸ்குவாமஸ் புற்று. தமிழில் செதிள் செல் புற்று என்பார்கள். பெரும்பாலும் குழாயின் நடுப்பகுதியிலும் மேல்பகுதியிலும் வரும். நுண்ணோக்கியில் பார்த்தால், செல்கள் திட்டுத்திட்டாகக் கூடியிருக்கும். நடுநடுவே கெராட்டின் என்ற புரதம் வட்டவட்டமாகச் சுருண்டு, இளஞ்சிவப்பு முத்துப் போலத் தெரியும். நோய்க்குறியியல் டாக்டர் அந்த முத்தைப் பார்த்துவிட்டால் வகையைப் பற்றி அவருக்குச் சந்தேகமே இருக்காது.

அடினோகார்சினோமா சுரப்பிச் செல்களின் புற்று. உணவுக்குழாயில் இயல்பாகச் சுரப்பிச் செல்கள் குறைவு. வயிற்று அமிலம் ஆண்டுக்கணக்கில் மேலேறிக் கீழ்ப்பகுதியைச் சுட்டுக்கொண்டே இருந்தால், தட்டைச் செல் தோல் போய், குடலின் உட்பூச்சைப் போன்ற சுரப்பித் தோல் அங்கே முளைக்கிறது. இதற்கு பாரெட் உணவுக்குழாய் என்று பெயர். 1950-இல் இதைப் பற்றி எழுதிய லண்டன் அறுவை மருத்துவர் நார்மன் பாரெட்டின் பெயரே நிலைத்துவிட்டது. பாரெட் தோல் உள்ளவர்களில் ஒரு சிறு பகுதியினருக்கு அது அடினோகார்சினோமாவாக மாறுகிறது. அதனால்தான் இவ்வகை பெரும்பாலும் குழாயின் அடிப்பகுதியிலும், குழாய் வயிற்றோடு சேரும் இடத்திலும் வருகிறது. நுண்ணோக்கியில் கோணல்மாணலான சுரப்பி வளையங்களும் சளியும் தெரியும்.

செல்கள் மிகவும் உருக்குலைந்து போயிருந்தால் முத்தும் தெரியாது, வளையமும் தெரியாது. அப்போது பி40 போன்ற சிறப்புச் சாயப் பரிசோதனை செய்து வகையைப் பிரிப்பார்கள். ரிப்போர்ட் சில நாள் தாமதமானால் அதற்கு இதுவும் காரணமாக இருக்கலாம்.

இரண்டும் இருக்கும் இடம் ஒன்று என்பதைத் தவிர ஒற்றுமை குறைவு. அமெரிக்காவின் புற்றுநோய் மரபணு வரைபடத் திட்டம் 164 உணவுக்குழாய்ப் புற்றுகளின் மரபணுக்களை ஆராய்ந்து 2017-இல் முடிவை வெளியிட்டது. ஸ்குவாமஸ் வகை வாய், தொண்டைப் புற்றுகளை ஒத்திருந்தது. அடினோ வகை இரைப்பைப் புற்றின் ஒரு பிரிவை ஒத்திருந்தது. இரண்டையும் ஒரே நோயாகக் கருதுவது சரியா என்ற கேள்வியை இந்த முடிவு எழுப்பியது.

காரணங்களும் வேறு. ஸ்குவாமஸ் வகைக்குப் புகை, மது, வெற்றிலை பாக்கு மூன்றும் முக்கியமானவை. புகையிலை சேர்க்காமல் போட்டாலும் பாக்கு இந்தப் புற்றைத் தரும் என்பதை உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை உறுதி செய்திருக்கிறது. 65 டிகிரிக்கு மேல் கொதிக்கக் கொதிக்கக் குடிக்கும் பானங்களும் இதற்குக் காரணமாகலாம் என்று அதே முகமை 2016-இல் அறிவித்தது. அடினோ வகைக்கு உடல் பருமனும் தீராத நெஞ்செரிச்சலும் முதன்மைக் காரணங்கள். புகைப்பழக்கம் இதிலும் ஆபத்தைக் கூட்டுகிறது.

உலகளவில் 2022-இல் ஏறத்தாழ 5.11 லட்சம் பேருக்குப் புதிதாக உணவுக்குழாய்ப் புற்று வந்தது, 4.45 லட்சம் பேர் இறந்தனர். நோயாளிகளில் 100-க்கு ஏறத்தாழ 85 பேருக்கு ஸ்குவாமஸ் வகை. வட ஈரானில் தொடங்கி மத்திய ஆசியா வழியாக வட சீனா வரை நீளும் நிலப்பரப்பிலும், கிழக்கு ஆப்பிரிக்காவிலும் இது மிக அதிகம். இந்தியாவிலும் இதுவே பெரும்பான்மை. அமெரிக்கா, பிரிட்டன் போன்ற நாடுகளில் 1970-களுக்குப் பிறகு அடினோ வகை மளமளவென்று ஏறி ஸ்குவாமஸை முந்திவிட்டது. ஆகவே மேலை நாட்டு எண்களில் பெரும்பகுதி அடினோ நோயாளிகளைப் பற்றியது. நம் ஊர் நோயாளியோ பெரும்பாலும் ஸ்குவாமஸ்காரர். இணையத்தில் கிடைக்கும் எண்ணை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது என்பதற்கு இது முதல் காரணம்.

கட்டம் முதலில், வகை பிறகு

எந்த வகையானாலும், கண்டுபிடிக்கும்போது நோய் எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்பதே ஆயுளைப் பெரிதும் தீர்மானிக்கிறது. அமெரிக்க அரசின் பதிவேட்டில் இரு வகையும் சேர்ந்த கணக்கு இது: நோய் உணவுக்குழாய்க்குள்ளேயே இருந்தால் ஐந்தாண்டுக்கு மேல் வாழ்பவர்கள் ஏறத்தாழ பாதிப்பேர். அருகிலுள்ள நிணநீர் முடிச்சுகளுக்குப் போயிருந்தால் நான்கில் ஒருவருக்குச் சற்று மேல். கல்லீரல், நுரையீரல் என்று தள்ளிப் பரவியிருந்தால் 20 பேரில் ஒருவர். செல் வகையால் வரும் எந்த வித்தியாசமும் இந்த இடைவெளிக்கு முன் சிறியதுதான்.

உணவுக்குழாய் இழுபடக்கூடிய தசைக்குழாய். துவாரம் நன்றாகச் சுருங்கிய பிறகுதான் இட்லி இறங்கவில்லை, சோறு இறங்கவில்லை என்று தெரியும். அதற்குள் நோய் சுவருக்குள் வெகுதூரம் போயிருக்கும். குடலுக்கு இருப்பது போன்ற வெளியுறை உணவுக்குழாய்க்குக் கிடையாது. சுவரைத் தாண்டிவிட்டால் பக்கத்து உறுப்பைத் தொட நேரமாகாது.

ஆரம்பக் கட்டத்தில் செல் வகை தன் கைவரிசையைக் காட்டுகிறது. உட்பூச்சுக்கு அடியில் நிணநீர் நாளங்கள் குழாயின் நீளத்துக்குப் பின்னலாக ஓடுகின்றன. ஸ்குவாமஸ் புற்று அந்த அடுக்கைத் தொட்டதுமே நிணநீர் முடிச்சுக்குப் போகும் வாய்ப்பு, அதே ஆழத்திலுள்ள அடினோவைவிட அதிகம். நெஞ்சுக்குள் இருக்கும் கட்டி கழுத்து முடிச்சிலும் வயிற்று முடிச்சிலும் தலைகாட்டலாம். ஆரம்பக் கட்டத்தில் அறுவை சிகிச்சை மட்டும் செய்துகொண்டவர்களில் அடினோகாரர்கள் சற்று நன்றாக இருப்பதற்கு இது ஒரு காரணம். மேலை நாடுகளில் பாரெட் உள்ளவர்களுக்கு அவ்வப்போது எண்டோஸ்கோபி செய்து அடினோவை முளையிலேயே பிடித்துவிடுவதும் அந்த எண்களை உயர்த்துகிறது.

இதையெல்லாம் பார்த்துத்தான், நோயின் கட்டத்தை வகுக்கும் சர்வதேச அட்டவணையில் இரண்டு வகைக்கும் தனித்தனிப் பிரிவுகள் வைத்தார்கள். ஸ்குவாமஸுக்குக் கட்டி மேலே இருக்கிறதா கீழே இருக்கிறதா என்பதும் கணக்கில் வரும், அடினோவுக்கு வராது. ஆனால் கீமோவோ கதிர்வீச்சோ கொடுத்தபின் அறுவை செய்தவர்களுக்கு, 2017-இல் வந்த எட்டாவது பதிப்பு இரு வகைக்கும் ஒரே அட்டவணையைத் தருகிறது. சிகிச்சைக்குப் பிறகு எவ்வளவு புற்று மிச்சம் இருக்கிறது என்பது அப்போது வகையைவிடப் பெரிய விஷயமாகிவிடுகிறது.

ஒரே ஆய்வில் தலைகீழான கணக்கு

நெதர்லாந்தில் 2004 முதல் 2008 வரை நோயாளிகளைச் சேர்த்து நடத்திய கிராஸ் என்ற ஆய்வைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்பது நல்லது. அறுவை செய்ய முடிந்த 366 பேரை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதிக்கு நேரடியாக அறுவை சிகிச்சை. மறுபாதிக்கு ஐந்து வாரம், வாரம் ஒருமுறை கார்போபிளாட்டின், பாக்லிடாக்செல் என்ற இரண்டு கீமோ மருந்துகள். கூடவே 23 தடவையாகக் கதிர்வீச்சு. நம் ஊரில் கரண்ட் வைப்பது என்கிறோமே, அதுதான். அதன்பிறகே அறுவை. 366 பேரில் 275 பேர் அடினோ, 84 பேர் ஸ்குவாமஸ்.

முன்சிகிச்சை எடுத்தவர்களுக்கு அறுவை செய்து, வெட்டியெடுத்த குழாயை நுண்ணோக்கியில் பார்த்தார்கள். ஸ்குவாமஸ்காரர்களில் 49 சதவீதம் பேருக்கு ஒரு புற்றுச் செல்கூட மிச்சமில்லை. அடினோவில் அந்த அளவு 23 சதவீதம். கதிர்வீச்சும் கீமோவும் சேர்ந்த அடிக்கு ஸ்குவாமஸ் இரண்டு மடங்கு மசிந்தது.

பிறகு வந்த ஆயுள் கணக்கு இன்னும் சுவாரசியமானது. இங்கே சராசரி என்பதற்குப் பதிலாக நடுக்காலம் என்ற அளவைப் பயன்படுத்துகிறார்கள். ஒரு குழுவில் பாதிப்பேர் அந்தக் காலத்தைத் தாண்டி வாழ்ந்தார்கள் என்று பொருள். அறுவை மட்டும் செய்த குழுவில் ஸ்குவாமஸ்காரர்களின் நடுக்காலம் 21.1 மாதம், அடினோகாரர்களுடையது 27.1 மாதம். அதாவது அடினோ மேல். முன்சிகிச்சை எடுத்த குழுவில் ஸ்குவாமஸ் 81.6 மாதம், அடினோ 43.2 மாதம். இப்போது ஸ்குவாமஸ் மேல்.

நாடும் ஒன்று, ஆண்டும் ஒன்று, மருத்துவர்களும் ஒரே குழுவினர். சிகிச்சையை மாற்றியதும் எந்த வகை மேல் என்ற பதில் தலைகீழானது. செல் வகை ஆயுளை எப்படிப் பாதிக்கிறது என்ற கேள்விக்கு இதைவிடத் தெளிவான பதில் கிடைப்பது அரிது.

ஆனால் 81.6 மாதம் என்பதைப் பிடித்துக்கொண்டு கணக்குப் போடக் கூடாது. ஸ்குவாமஸ்காரர்கள் இரு குழுவிலும் சேர்த்தே 84 பேர்தான். எல்லாரும் பெரிய அறுவையைத் தாங்கும் உடல்நிலையில் இருந்தவர்கள். தள்ளிப் பரவாத நோய் உள்ளவர்கள். மெலிந்து, ஒட்டி, கஞ்சிகூட இறங்காத நிலையில் வரும் ஒருவருக்கு அந்த எண் பொருந்தாது.

சீனாவில் ஸ்குவாமஸ் நோயாளிகள் 451 பேரை மட்டும் வைத்து நடத்திய ஆய்விலும் இதே போக்குத் தெரிந்தது. அறுவைக்கு முன் கீமோவும் கதிர்வீச்சும் சேர்த்துக் கொடுத்தபோது நடுக்காலம் 66.5 மாதத்திலிருந்து 100.1 மாதமாக உயர்ந்தது.

அடினோவுக்கு வேறு வழி

கிராஸ் முறை பல ஆண்டுகள் இரண்டு வகைக்குமே பொதுவாக இருந்தது. அடினோ கதிர்வீச்சுக்கு அவ்வளவாக மசியவில்லை என்றால், அதற்குக் கீமோவை இன்னும் வலுவாகக் கொடுத்தால் என்ன என்று ஜெர்மன் மருத்துவர்கள் கேட்டார்கள். அடினோ நோயாளிகள் 438 பேரை மட்டும் சேர்த்து, கிராஸ் முறையையும், ஃப்ளாட் என்ற நான்கு மருந்துக் கீமோவையும் நேருக்கு நேர் ஒப்பிட்டார்கள். எசோபெக் எனப்படும் அந்த ஆய்வின் முடிவு 2025-இல் வெளியானது. ஃப்ளாட் எடுத்தவர்களின் நடுக்காலம் 66 மாதம். கிராஸ் எடுத்தவர்களுடையது 37 மாதம். அறுவை தாங்கக்கூடிய அடினோ நோயாளிக்கு இன்று ஃப்ளாட் முதல் தேர்வாகியிருப்பதற்கு இதுவே காரணம்.

அடினோ தள்ளிப் பரவும் குணம் உள்ளது. கல்லீரல் போன்ற இடங்களில் பிறகு முளைக்கும். கதிர்வீச்சு, கட்டி இருக்கும் இடத்தை மட்டுமே அடிக்கும். கீமோ உடம்பு முழுக்க ஓடும். ஃப்ளாட் ஏன் வென்றது என்பதை இதிலிருந்து ஓரளவு புரிந்துகொள்ளலாம்.

இந்த முடிவை ஸ்குவாமஸ்காரருக்குப் பொருத்தக் கூடாது. ஃப்ளாட் அவர்களிடம் சோதிக்கப்பட்ட முறையல்ல. ஜப்பானில் அறுவைக்கு முன் கதிர்வீச்சு இல்லாமல் மூன்று மருந்துக் கீமோ கொடுத்து, ஸ்குவாமஸ்காரர்களிலும் நல்ல பலன் கண்டிருக்கிறார்கள்: மூன்று ஆண்டு முடிவில் 72.1 சதவீதம் பேர் உயிரோடிருந்தார்கள். அங்கே நோய் சீக்கிரம் கண்டுபிடிக்கப்படுவதும், கழுத்து, நெஞ்சு, வயிறு மூன்றிலும் நிணநீர் முடிச்சுகளை விடாமல் எடுக்கும் அறுவைப் பழக்கமும் இதில் சேரும்.

கத்தி வைக்காமலே

கதிர்வீச்சுக்கு மசியும் குணத்தால் ஸ்குவாமஸ்காரர்களுக்கு இன்னொரு வாசல் திறக்கிறது. கழுத்துப் பகுதியில் கட்டி இருந்தால் அறுவையில் குரல்வளையையும் சேர்த்து எடுக்க நேரலாம். அங்கே பெரும்பாலும் கீமோவும் கதிர்வீச்சுமே முழுச் சிகிச்சை. வயது, நுரையீரல் பலவீனம் என்று அறுவை தாங்காதவர்களுக்கும் இதே வழி. அமெரிக்காவில் பெரும்பாலும் ஸ்குவாமஸ் நோயாளிகளை வைத்து நடந்த ஒரு பழைய ஆய்வில், கதிர்வீச்சு மட்டும் பெற்றவர்களில் ஐந்தாண்டைத் தாண்டியவர் ஒருவரும் இல்லை. கீமோவும் சேர்த்துப் பெற்றவர்களில் 26 சதவீதம் பேர் தாண்டினார்கள். அறுவையே இல்லாமல் கிடைத்த பலன் அது.

பரவிவிட்டால்

நோய் தள்ளிப் பரவிய பிறகு இரு வகைக்கும் ஆயுள் குறைவுதான். இங்கேயும் மருந்து, செல் வகையைப் பார்த்தே அமைகிறது. ஸ்குவாமஸ்காரர்களுக்கு, உடலின் எதிர்ப்புச் சக்தியைத் தூண்டும் இம்யூனோதெரபி கூடுதலாக உதவுகிறது. 2022-இல் வெளியான ஒரு பன்னாட்டு ஆய்வில் கீமோவோடு நிவோலுமாப் என்ற இம்யூனோதெரபி மருந்தைச் சேர்த்தபோது நடுக்காலம் 10.7 மாதத்திலிருந்து 13.2 மாதமானது. கட்டியில் பிடி-எல்1 என்ற புரதம் உள்ளவர்களுக்குப் பலன் இன்னும் அதிகம். அடினோவில் ஹெர்2 என்ற புரதத்துக்கான பரிசோதனை அவசியம். அது பாசிட்டிவ் என்றால் டிரஸ்டுசுமாப் என்ற மருந்தைச் சேர்க்கலாம். இரைப்பையிலும் அதன் வாயிலும் வரும் அடினோவில் நடுக்காலம் 11.1 மாதத்திலிருந்து 13.8 மாதமானதை 2010-இல் ஓர் ஆய்வு காட்டியது. ஸ்குவாமஸில் ஹெர்2-வை வழக்கமாகப் பார்ப்பதில்லை.

தள்ளிப் பரவாத நோயிலும் நிவோலுமாப் உதவுகிறது. கீமோவும் கதிர்வீச்சும் பெற்று அறுவை செய்துகொண்டு, வெட்டியெடுத்த பகுதியில் புற்று மிச்சமிருந்தவர்களுக்கு அறுவைக்குப் பின் அதைக் கொடுத்தபோது, நோய் திரும்பாமல் இருந்த நடுக்காலம் இரு வகையிலும் நீண்டது. மருந்தில்லாதபோது ஏறத்தாழ 11 மாதமாக இருந்தது, ஸ்குவாமஸில் 29.7 மாதமாகவும், அடினோவில் 19.4 மாதமாகவும் ஆனது.

ரிப்போர்ட்டில் வராத சில

ஸ்குவாமஸ்காரர்களில் பலர் ஆண்டுக்கணக்கில் புகைத்தவர்கள், குடித்தவர்கள். நுரையீரலும் கல்லீரலும் ஏற்கெனவே தளர்ந்திருக்கும். அதே பழக்கத்தால் வாயிலோ தொண்டையிலோ நுரையீரலிலோ இரண்டாவது புற்று ஒளிந்திருக்கவும் கூடும். அதனால் அங்கெல்லாம் சேர்த்துப் பார்ப்பார்கள். அடினோகாரர்களுக்கு உடல் பருமன், இதய நோய், சர்க்கரை போன்றவை கூட இருக்கும். இரண்டு குழுவின் ஆயுளை ஒப்பிடும்போது, புற்றைத் தவிர இவையும் கணக்கில் புகுந்துவிடுகின்றன. சாப்பிட முடியாமல் எடை எவ்வளவு குறைந்திருக்கிறது என்பதும் சிகிச்சையைத் தாங்கும் வலுவைத் தீர்மானிக்கும்.

செல்கள் இயல்பான தோற்றத்திலிருந்து எவ்வளவு விலகியிருக்கின்றன என்பதும் ரிப்போர்ட்டில் இருக்கும். நன்கு, மிதமாக, மோசமாக வேறுபட்டது என்று மூன்று தரம். மோசமாக வேறுபட்டது வேகமாகப் போகும். மிக அரிதாக ஸ்மால் செல் என்று வரும். நூற்றில் ஒருவருக்கு என்ற அளவில் வரும் இந்த வகை மற்ற இரண்டையும்விட மூர்க்கமானது. பெரும்பாலும் கண்டுபிடிக்கும்போதே பரவியிருக்கும். அதற்குக் கீமோதான் முதன்மை. செல் வகையே ஆயுளை நேராகக் குறைக்கிறது என்று சொல்லக்கூடிய இடம் இது ஒன்று.

கேட்க வேண்டியவை

ரிப்போர்ட்டோடு டாக்டர் முன் உட்காரும்போது கேட்க வேண்டிய கேள்விகள் ஆறு. எந்த வகை, எந்தத் தரம்? கட்டி எந்த இடத்தில் இருக்கிறது? பெட் ஸ்கேனும், முடிந்தால் எண்டோஸ்கோபி வழியான அல்ட்ராசவுண்டும் பார்த்தபின் எந்தக் கட்டம்? நிணநீர் முடிச்சுகள் எத்தனை? இந்த வகைக்கு அறுவைக்கு முன் கீமோ மட்டுமா, கரண்டும் சேர்த்தா, ஏன்? பரவிய நோய் என்றால் ஹெர்2, பிடி-எல்1 பார்த்தாயிற்றா?

அறுவை மருத்துவர், கீமோ மருத்துவர், கதிர்வீச்சு மருத்துவர் மூவரும் சேர்ந்து பேசி முடிவெடுக்கும் மருத்துவமனையில் காட்டுவது நல்லது. ஒருவர் மட்டும் முடிவெடுத்தால், அவர் கையிலுள்ள சிகிச்சையே முதலில் வந்துவிடும் ஆபத்து உண்டு. நோயாளிக்கு அன்றே செய்ய முடிந்ததும் ஒன்று உண்டு: புகை, மது, பாக்கு மூன்றையும் விட்டுவிட்டு, கூழோ கஞ்சியோ குழாய்வழி உணவோ, எப்படியாவது எடை இறங்காமல் பார்த்துக்கொள்வது. எந்த வகைப் புற்றானாலும், எந்தச் சிகிச்சையானாலும், அதைத் தாங்க உடம்பில் தெம்பு வேண்டும்.

கெட்டியான உணவு இறங்கத் தயங்கினால், நாற்பதைத் தாண்டியவர் அஜீரணம் என்று சோடா குடித்து நாளைக் கடத்த வேண்டாம். எண்டோஸ்கோபி பத்துப் பதினைந்து நிமிடத்தில் முடிந்துவிடும். வகை எதுவாக இருந்தாலும், அதற்கேற்ற சிகிச்சை முழுப் பலன் தருவது நோய் சீக்கிரம் பிடிபடும்போதுதான்.